இரு முனைகளின் சாட்சியம்: சுவிட்சுகளுக்கு இடையிலான இணைப்புப் பழுதுகள்

ஒரு கணினியின் கேபிள் அறுந்தால் ஒருவருடைய வேலை நிற்கும். இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் கேபிள் அறுந்தால் ஒரு தளமோ ஒரு கட்டடமோ முழுதாகத் துண்டிக்கப்படும். ஆனாலும், இத்தகைய இணைப்புகளுக்கு நேரும் பழுதுகளில் மிக எளியது இந்த அறுந்துபோதல்தான். விளக்கு அணைந்திருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் புகார் சொல்வார்கள், எங்கே தேடுவது என்பதில் குழப்பம் இராது. விட்டுவிட்டு அறுந்து சேரும் இணைப்பு அதைவிடக் கடினம். எல்லாவற்றிலும் கடினமானது, விளக்கு பச்சையாக எரிய, பிங் பதில் ஒழுங்காக வர, கோப்புகள் மட்டும் ஊர்ந்து செல்லும் இணைப்பு. பழுது பார்ப்பவரின் நாட்களை விழுங்குவது இந்த மூன்றாவது வகை.

அதற்குக் காரணம் இணைப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு கேபிள் என்று பார்வைக்குத் தெரிவது உண்மையில் இரண்டு பாதைகள்: முதல் சுவிட்ச் அனுப்பி இரண்டாவது பெறுவது ஒன்று, இரண்டாவது அனுப்பி முதலாவது பெறுவது மற்றொன்று. வழியில் சிதைந்த ஃபிரேமைப் பெறும் முனைதான் கண்டுபிடிக்கிறது. அனுப்பிய முனைக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே முதல் சுவிட்சின் போர்ட்டில் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறுகிறது என்றால், இரண்டாவது சுவிட்சின் அனுப்பும் பகுதி, இடையிலுள்ள கேபிள், முதல் சுவிட்சின் பெறும் பகுதி ஆகிய மூன்றில் ஒன்று குற்றவாளி. எதிர்ப்பக்கம் சுத்தமாக இருந்தால் பழுது ஒரு திசைக்கு மட்டுமே உரியது. இந்த முடிவுக்கு ஒரு முனையின் திரையை மட்டும் பார்ப்பவரால் வர முடியாது. இரண்டு முனைகளின் பதிவுகளையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதே இந்தத் துறையின் அடிப்படை முறை.

அப்படி வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது எண்ணின் அளவை அல்ல, அதன் ஓட்டத்தை. சுவிட்ச் கடைசியாக உயிர்பெற்ற நாளிலிருந்து பிழைகள் கூடிக்கொண்டே வந்திருக்கும். 40,000 என்ற எண் ஓராண்டுக்கு முன் நடந்த ஏதோ ஒரு கேபிள் மாற்றத்தின் எச்சமாக இருக்கலாம். 12 என்ற எண் கடந்த ஒரு நிமிடத்தில் வந்ததாக இருக்கலாம். எண்ணிக்கையைப் பூச்சியமாக்கிவிட்டு, போக்குவரத்து நடக்கும் வேளையில் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் பார்த்தால்தான் அது சான்றாகும். பார்க்கும் போர்ட் சரியான போர்ட்தானா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ரேக்கில் ஒட்டியிருக்கும் லேபிள் பொய் சொல்வது அரிதல்ல. 2005இல் 802.1ஏபி என்ற பெயரில் தரமாக்கப்பட்ட எல்எல்டிபி, எதிர்முனையில் எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட் இருக்கிறது என்பதை அந்தச் சுவிட்சின் வாயாலேயே சொல்ல வைக்கிறது. வரைபடத்தைவிட அதை நம்பலாம்.

இணைப்பு முற்றிலும் இறந்திருந்தால், கேபிளைத் தொடுவதற்கு முன் போர்ட்டின் நிலையைப் படிக்க வேண்டும். யாரோ அதை நிர்வாக முறையில் மூடியிருக்கலாம். லூப் அல்லது பிராட்காஸ்ட் புயல் கண்டு சுவிட்சே தற்காப்பாக முடக்கியிருக்கலாம். அப்படி முடங்கிய போர்ட்டில் எத்தனை புதிய கேபிள் செருகினாலும் விளக்கு எரியாது. போர்ட் திறந்தே இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேட்ச் கார்டு, போர்ட், மாட்யூல் என்று ஒன்றன்பின் ஒன்றாக, நல்லதென்று ஏற்கெனவே சோதித்த பொருளைக் கொண்டு மாற்றிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் இணைப்பு சரியாகலாம். ஆனால் பழுதான பொருள் எது என்று தெரியாமல் உதிரிப்பெட்டிக்குள் போய், இன்னொரு நாள் இன்னோரிடத்தில் மறுபடி வேலையைக் காட்டும்.

செப்புக் கேபிளின் பழுதுகள் பெரும்பாலும் நுனியில் பிறக்கின்றன. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி அளவில் முறுக்கப்பட்டிருப்பது, ஒரு ஜோடியின் சைகை அடுத்த ஜோடிக்குள் கசியாமல் இருப்பதற்காக. 100 மெகாபிட் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய ஊசிகளில் வரும் இரண்டு ஜோடிகளே போதும். 1999இல் 802.3ஏபி தரமாக வந்த செப்புக் கம்பி ஜிகாபிட் நான்கு ஜோடிகளையும் இரு திசைக்கும் பயன்படுத்துகிறது. இதிலிருந்து உடனடிப் பயன் தரும் ஓர் அடையாளம் கிடைக்கிறது: ஜிகாபிட் ஓட வேண்டிய இரண்டு சுவிட்சுகளுக்கு இடையில் இணைப்பு 100 மெகாபிட்டில் நின்றால், 4, 5 அல்லது 7, 8 ஊசிகளின் ஜோடி எங்கோ தொடர்பற்றிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். பல சுவிட்சுகள் இந்த நிலையில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓசையின்றி ஓடுகின்றன. விளக்கின் நிறத்தைத் தவிர வேறு புகாரே இராது.

ஜோடி பிரிந்த கிரிம்பிங் இதைவிட நயவஞ்சகமான பழுது. டி568ஏ, டி568பி என்ற இரு வரிசைகளில் எதைப் பின்பற்றினாலும் 3ஆம் ஊசியும் 6ஆம் ஊசியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். 4, 5 நடுவில் இன்னொரு ஜோடி. இதை அறியாதவர் 1-2, 3-4, 5-6, 7-8 என்று நிற ஜோடிகளை நேராக அடுக்கிவிடுவது உண்டு. இரு நுனியிலும் அதே வரிசை இருந்தால், விளக்கு மட்டும் எரியும் மலிவான டெஸ்டர் எட்டுக் கம்பிகளும் சரி என்றே காட்டும். ஆனால் 3, 6 ஊசிகளில் போகும் சைகை வெவ்வேறு ஜோடிகளின் ஒவ்வொரு கம்பியில் போகிறது. முறுக்கு தரும் பாதுகாப்பு அதற்கு இல்லை. இரண்டு மீட்டர் துண்டில் எல்லாம் சரியாகத் தோன்றும். நீளமான ஓட்டத்தில் பிழைகள் கொட்டும். ஜோடிகளுக்கு இடையிலான கிராஸ்டாக்கை அளக்கும் கருவியால்தான் இது பிடிபடும். முறுக்கைத் தேவைக்கு மேல் பிரித்துவிட்டு கிரிம்ப் செய்வதும் இதே குடும்பத்துப் பழுது. கேட் 5இ கேபிளுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கு பிரியக்கூடாது என்பது விதி.

கேபிளின் உலோகமே குறையுள்ளதாகவும் இருக்கலாம். விலை குறைவு என்று விற்கப்படும் சிசிஏ கேபிளில் இருப்பது செப்புப் பூச்சு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்துத்திறன் செம்பினுடையதில் சுமார் 60 விழுக்காடு மட்டுமே. குறுகிய தூரத்தில் அது ஓடும். நீளம் கூடும்போதும், அதே கேபிள் வழியாக மின்சாரமும் கொடுக்கும்போதும் தடுமாறும். கேபிள் தரங்கள் தூய செம்பையே கேட்கின்றன. கட்டடத்துக்குள் இழுத்துப் புதைத்த பிறகு இதைத் திருத்த வழியில்லை என்பதால், வாங்கும்போதே கம்பியைச் சுரண்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூர வரம்பும் அவ்வாறே கறாரானது. மொத்தம் 100 மீட்டர். அதில் 90 மீட்டர் சுவருக்குள் நிலையாகப் பதிந்த கேபிள், மீதி 10 மீட்டர் இரு நுனிகளின் பேட்ச் கார்டுகள். 10 ஜிகாபிட்டுக்கு கேட் 6 கேபிள் 55 மீட்டர் வரைதான் கை கொடுக்கும். 100 மீட்டர் வேண்டுமானால் கேட் 6ஏ தேவை. ஜிகாபிட்டில் ஆண்டுக்கணக்கில் குறையில்லாமல் ஓடிய கேபிள், சுவிட்சை மட்டும் புதிதாக மாற்றியவுடன் பழுதாவது இதனால்தான்.

கேபிளில் எங்கே முறிவு என்பதை அறிய டிடிஆர் சோதனை உதவுகிறது. சைகை, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் கம்பியில் ஓடுகிறது. முறிவிலோ குறுக்கிணைப்பிலோ பட்டு அது திரும்பி வர எடுக்கும் நேரத்திலிருந்து தூரம் கணக்கிடப்படுகிறது. நிர்வகிக்கப்படும் சுவிட்சுகள் பலவற்றில் இந்தச் சோதனை உள்ளேயே இருக்கிறது. ஜோடி ஜோடியாக முடிவு தருவதால், மூன்று ஜோடி 62 மீட்டர் என்றும் ஒரு ஜோடி 3 மீட்டர் என்றும் வந்தால் பேட்ச் பேனலின் பின்புறத்தைத் திறந்து பார்க்கலாம். சோதனை நடக்கும் நொடிகளில் பல மாடல்களில் இணைப்பு அறுபடும் என்பதை நினைவில் வைத்துத்தான் அப்லிங்க் போர்ட்டில் அதை இயக்க வேண்டும்.

இரண்டு கட்டடங்களுக்கு இடையில் செப்புக் கேபிள் இழுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இரு கட்டடங்களின் எர்த்திங்குக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருக்கக்கூடும். அருகில் இடி விழுந்தால் அந்த வேறுபாடு கணநேரத்தில் மிகப் பெரிதாகி, கேபிள் வழியாக இரு முனைச் சுவிட்சுகளையும் தாக்கும். மழைக்காலம்தோறும் போர்ட்டுகள் சாகும் வளாகங்களில் பழுது பார்ப்பு என்பது புதிய சுவிட்ச் வாங்குவதல்ல, அந்த இடைவெளியை ஃபைபருக்கு மாற்றுவது.

கேபிளில் ஒரு குறையும் இல்லாமலே கேபிள் பழுது போலத் தோற்றம் தருவது டியூப்ளெக்ஸ் பொருந்தாமை: ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் ஃபுல் முறையிலும், மறுமுனை மாறிமாறிச் செய்யும் ஹாஃப் முறையிலும் இருப்பது. இரு முனைகளும் தங்கள் திறனைப் பேசி வேகத்தையும் டியூப்ளெக்ஸையும் முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷன் 1995இல் 802.3யூ தரத்தோடு பரவலானது. ஆரம்பக் காலத்துக் கருவிகள் ஒன்றோடொன்று சரியாகப் பேசவில்லை. அதனால் ‘முக்கியமான போர்ட்டில் வேகத்தைக் கையால் பூட்டிவிடு’ என்ற பழக்கம் தோன்றியது. அந்தப் பழக்கம் அதன் காரணத்தைவிட நீண்ட ஆயுளோடு இன்றும் வாழ்கிறது. ஒரு முனையில் 100 மெகாபிட், ஃபுல் டியூப்ளெக்ஸ் என்று பூட்டிவிட்டு மறுமுனையை ஆட்டோவில் விட்டால், பூட்டிய முனை பேச்சுவார்த்தைக்கு வராது. மறுமுனை சைகையிலிருந்து வேகத்தை ஊகித்துக்கொள்ளும்; டியூப்ளெக்ஸை ஊகிக்க வழியில்லாததால் விதிப்படி ஹாஃபில் விழும். அதன்பின் ஃபுல் முனை நினைத்த நேரத்தில் அனுப்புகிறது. ஹாஃப் முனையோ, தான் அனுப்பும்போது எதிரிலிருந்து சைகை வந்தால் மோதல் என்று கருதி ஃபிரேமைப் பாதியில் நிறுத்துகிறது. ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் ஏறும். ஃபுல் பக்கத்தில் பாதி ஃபிரேம்கள் வந்து சேர்ந்து சிஆர்சி பிழையும் ரன்ட்டும் ஏறும். இந்த இரட்டை அடையாளம் வேறு எந்தப் பழுதிலும் இவ்வளவு துல்லியமாக வருவதில்லை. ஃபுல் பக்கத்தை மட்டும் பார்த்தவர் கேபிளைத்தான் மாற்றுவார். எத்தனை முறை மாற்றினாலும் பயனிராது. போக்குவரத்து குறைவாக இருக்கும்போது மோதல் நிகழாததால் பிங் சோதனையும் நல்ல பதிலே தரும்.

செப்புக் கம்பி ஜிகாபிட்டில் எந்த முனை கடிகாரத்தை நடத்துவது என்பதும் இந்தப் பேச்சுவார்த்தையில்தான் தீர்மானமாகிறது, ஆகவே அங்கே ஆட்டோ கட்டாயம். இன்று ஆட்டோவை அணைப்பதற்கு நியாயமான காரணம் அரிது. ஃபைபர் ஜிகாபிட்டில் ஒரு முனை மட்டும் ஆட்டோவை அணைத்திருந்தால், ஒரு பக்கம் இணைப்பு இருப்பதாகவும் மறுபக்கம் இல்லாததாகவும் காட்டும் விசித்திரம் நேரும். 25 ஜிகாபிட்டிலும் அதற்கு மேலும் இதே இடத்தை எஃப்இசி என்ற பிழைதிருத்த முறை பிடித்துக்கொண்டது: இரு முனையும் ஒரே முறையில் இல்லாவிட்டால், ஒளி நன்றாக வந்தும் இணைப்பு எழாது.

ஃபைபரில் முதல் எதிரி அழுக்கு. சிங்கிள்மோட் ஃபைபரில் ஒளி போகும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான் அகலம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அதில் கணிசமான பகுதியை மறைத்துவிடும். இரண்டு கனெக்டர்களை அழுத்திச் சேர்க்கும்போது அந்தத் தூசி கண்ணாடி முகத்தில் கீறலும் போடும். பிறகு துடைத்தாலும் போகாது. புதிதாகப் பிரித்த பேட்ச் கார்டு சுத்தம் என்பது தவறான நம்பிக்கை. மூடியே அழுக்கைக் கொண்டுவருவதுண்டு. ஆய்வுக் கருவியால் முகத்தைப் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்துவிட்டுச் செருகுவதே ஒழுங்கு. ஃபைபர் முனையை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. அதில் வரும் அகச்சிவப்பு ஒளி பார்வைக்குத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கக்கூடும்.

அடுத்தது பொருத்தம். இரு முனை மாட்யூல்களும் ஒரே அலைநீளத்தில் பேச வேண்டும்: மல்டிமோடுக்கு வழக்கமாக 850 நானோமீட்டர், சிங்கிள்மோடுக்கு 1310 அல்லது 1550. ஒற்றை இழையில் இரு திசையும் ஓடும் பைடை மாட்யூல்களில் ஒன்று 1310இல் அனுப்பி 1490இல் பெறும், மற்றது அதற்கு நேர்மாறு. ஒரே வகையை இரு முனையிலும் செருகினால் ஒன்றும் நடக்காது. மஞ்சள் உறை சிங்கிள்மோட், நீலப்பச்சை உறை ஓஎம்3 வகை மல்டிமோட் என்ற நிற வழக்கம் பார்த்தவுடன் பிழையைக் காட்டிக்கொடுக்கும். பச்சை நிற ஏபிசி கனெக்டரின் முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது. அதை நீல நிற யுபிசியோடு சேர்த்தால் இரு முகங்களுக்கு இடையே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும்.

இத்தனைக்கும் மேலாக, செப்புக் கம்பியில் இல்லாத ஒரு வசதி ஃபைபரில் இருக்கிறது. பெரும்பாலான எஸ்எஃப்பி மாட்யூல்கள் அனுப்பும் ஒளி, பெறும் ஒளி, வெப்பம், லேசர் மின்னோட்டம் ஆகியவற்றைத் தாமே அளந்து சுவிட்சுக்குச் சொல்கின்றன. ஒரு கணக்கு இதன் அருமையைக் காட்டும். 8 கிலோமீட்டர் சிங்கிள்மோட் தடத்தில் ஒரு முனை மைனஸ் 2 டிபிஎம் அளவில் அனுப்புகிறது. 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் வீதம் 2.8 இழப்பு, நான்கு கனெக்டர்களில் அரை அரை டெசிபெல் வீதம் 2 இழப்பு. மறுமுனையில் மைனஸ் 6.8 வர வேண்டும். வருவது மைனஸ் 12.8 என்றால், எதிர்பார்த்த ஒளியில் கால் பங்குதான் வந்து சேர்கிறது. 10 ஜிகாபிட் எல்ஆர் மாட்யூலுக்குத் தேவையான குறைந்தபட்சம் மைனஸ் 14.4 என்பதால் இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கும், புகாரும் வந்திருக்காது. ஆனால் இன்னும் 1.6 டெசிபெல் இழந்தால் முடிந்தது. எதிர்த்திசையின் இழப்பையும் கணக்கிட்டு அது சரியாக இருந்தால், ஓர் இழையில் மட்டும் அழுக்கோ வளைவோ இருக்கிறது என்று இடமும் சுருங்கும். அனுப்பும் ஒளி மாறாமல் இருக்க லேசர் மின்னோட்டம் மட்டும் மாதாமாதம் ஏறினால், லேசர் மூப்படைந்துவருகிறது. ஒளி அளவுக்கு மீறினாலும் ஆபத்து: 40, 80 கிலோமீட்டருக்கான மாட்யூல்களை ஒரே அறைக்குள் நேராக இணைத்தால் பெறும் பகுதி திணறும், சேதமும் அடையலாம். இடையில் அட்டெனுவேட்டர் வேண்டும்.

இழை முறிந்த இடத்தைத் தேட ஓடிடிஆர் கருவி இருக்கிறது. அதில் 1310, 1550 ஆகிய இரண்டிலும் சோதிப்பது நல்லது. இறுக்கமான வளைவு 1550இல் அதிக இழப்பைக் காட்டும். மோசமான ஒட்டு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் காட்டும். ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதை இந்த வேறுபாட்டைக் கொண்டே தொலைவிலிருந்து ஊகிக்க முடிகிறது.

சிறு பிழைவீதம் ஏன் இவ்வளவு பெரிய மந்தத்தைத் தருகிறது என்ற கேள்வி இங்கே எழும். வழக்கமான டிசிபி ஒவ்வோர் இழப்பையும் நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு அனுப்பும் வேகத்தைக் குறைக்கிறது. அழுக்குக் கனெக்டர் விழுங்கிய ஃபிரேமும் அதன் கணக்கில் நெரிசல்தான். பிழை தோன்றும் இடமும் ஏமாற்றக்கூடும். முழு ஃபிரேமையும் பெற்றுச் சரிபார்த்து அனுப்பும் சுவிட்ச், சிதைந்ததை வாசலிலேயே எறிந்துவிடும். தரவு மையங்களில் உள்ள கட்-த்ரூ சுவிட்சுகள் தலைப்பைப் படித்தவுடன் அனுப்பத் தொடங்கிவிடுவதால், சிதைந்த ஃபிரேமும் அடுத்தடுத்த சுவிட்சுகளுக்குப் பயணம் செய்யும். பிழை எண்ணிக்கை ஏறும் போர்ட்டின் கேபிள் அங்கே குற்றமற்றதாக இருக்கலாம். வந்த வழியே பின்னோக்கி, பெறும் பக்கத்தில் பிழை முதலில் தோன்றும் இணைப்பு வரை நடக்க வேண்டும்.

கேபிளும் ஒளியும் சரி, பிழையும் இல்லை, ஆனால் சில பயனர்களுக்கு மட்டும் தொடர்பில்லை என்றால் பழுது உள்ளமைவில் இருக்கிறது. டிரங்க் போர்ட்டின் ஒரு முனையில் அனுமதித்த விஎல்ஏஎன் மறுமுனையில் விடுபட்டிருக்கும். அல்லது குறியில்லாத ஃபிரேம்களுக்கான நேட்டிவ் விஎல்ஏஎன் இரு பக்கமும் வேறு எண்ணாக இருந்து, ஒரு துறையின் போக்குவரத்து இன்னொரு துறைக்குள் கசியும். பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும்போது ஒரு முனையில் எல்ஏசிபி, மறுமுனையில் நிலையான கட்டு என்றிருந்தால் கட்டு எழாது, அல்லது சில உரையாடல்கள் மட்டும் காணாமல் போகும். ஒரு முனை 9,000 பைட் ஜம்போ ஃபிரேம்களை ஏற்க, மறுமுனை 1,500இல் நின்றால் சிறிய பிங் போகும், பெரிய கோப்பு நிற்கும். துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு பெரிய அளவில் பிங் அனுப்பினால் இது வெளிப்படும்.

லூப் மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. ஈதர்நெட் ஃபிரேமில், ஐபி பாக்கெட்டில் இருப்பது போன்ற ஆயுள் எண் இல்லை. இரு சுவிட்சுகளுக்கு இடையில் கவனக்குறைவாக இரண்டாவது கேபிள் செருகப்பட்டால் ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் முடிவின்றிச் சுற்றிப் பெருகும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மேன் 1985இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது, ஸ்பானிங் ட்ரீ முறையை உருவாக்கினார். மிகையான பாதையை அது அடைத்து வைக்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பழைய 802.1டி முறையின் இயல்பான நேர அளவுகள், எந்த இரு முனைக்கும் இடையில் ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இராது என்ற கணக்கில் அமைந்தவை. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நேர்ந்தது இந்த எல்லையை மீறியதன் விளைவு. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகச் சேர்த்து வளர்ந்த நெட்வொர்க் கனத்த தரவு ஓட்டத்தில் நிலைகுலைந்தது. சில நாட்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்துக்குத் திரும்பினர். மருத்துவமனையின் தகவல்துறைத் தலைவர் ஜான் ஹலம்கா அதை மறைக்காமல் வெளியில் எடுத்துச் சொன்னதால் அது இத்துறையின் பாடமாக நிலைத்தது.

லூப் நேர்ந்ததற்கு அடையாளம், ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையில் மாறிமாறித் தெரிவதாகப் பதிவுகள் குவிவதும், எல்லா போர்ட்டு விளக்குகளும் இடைவிடாது மின்னுவதும். மிகைக் கேபிள் செருகாமலே ஒற்றை இழை முறிவாலும் லூப் நேரலாம். அடைத்து வைக்கப்பட்ட போர்ட், எதிர்முனையிலிருந்து வரும் ஸ்பானிங் ட்ரீ செய்திகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்வரைதான் அடைந்திருக்கும். செய்தி வரும் இழை மட்டும் செயலிழந்து, எதிர்முனை அதை உணராமலிருந்தால், அந்தப் போர்ட் தனக்கு எதிரே யாருமில்லை என்று எண்ணித் திறந்துகொள்ளும். அது அனுப்பும் திசையோ உயிரோடு இருப்பதால் வட்டம் முழுமையாகிவிடும். யூடிஎல்டி போன்ற முறைகள், தான் சொன்னது எதிர்முனைக்குக் கேட்டதா என்று திரும்பக் கேட்டு, ஒருவழியான இணைப்பை மூடிவிடுகின்றன. ஃபைபர் அப்லிங்க்குகளில் இதை இயக்காமல் விடக்கூடாது.

விட்டுவிட்டு அறுபடும் இணைப்புக்கு நேரமே துப்பு. பதிவுகள் நண்பகலில் குவிந்தால் வெப்பம்; லிஃப்ட் ஓடும்போது குவிந்தால் அதன் மோட்டாரை ஒட்டிச் செல்லும் கேபிள்; ரேக் கதவைச் சாத்தும்போது என்றால் நெரிபடும் பேட்ச் கார்டு. இரு சுவிட்சுகளின் கடிகாரங்களும் என்டிபி வழியாக ஒத்திருந்தால், எந்த முனை முதலில் இணைப்பை இழந்தது என்பதையும் பதிவுகளிலிருந்தே வரிசைப்படுத்தலாம். ஒரு முனையில் மட்டும் ‘அறுந்தது’ என்ற பதிவு இருந்தால், அந்த முனையின் பெறும் திசையிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

திருத்தம் முடிந்தது என்று சொல்வதற்கும் இதே அளவுகோல். இரு முனைகளிலும் எண்ணிக்கைகளைப் பூச்சியமாக்கி, வழக்கமான வேலைநாள் ஒன்றின் சுமையைத் தாங்கவிட்டு, இரு பக்கமும் பூச்சியமாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைபரானால் அன்றைய ஒளி அளவுகளை இரு திசைக்கும் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே போர்ட்டில் மைனஸ் 9 என்ற எண் தென்படும்போது, அது இயல்பா சரிவா என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டே சொல்ல முடியும்.